யோசனை என்ற சொல்லும் ஒரு தாதியின் ஐந்து வருடங்களும்

உதயகுமாரி கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வுப் படிப்புக்கு முதன்முதலாக விண்ணப்பித்தபோது அவருக்கு நாற்பது வயது. இடம் கிடைக்கவில்லை. மறுப்புக் கடிதத்தை அச்செடுத்து, ஓரத்தில் துளை போட்டு, ஒரு நீலக் கோப்பில் முதல் தாளாக வைத்தார்.

"இதை என்னத்துக்கு வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டேன்.

"அடுத்த முறை எழுதேக்கை என்ன பிழை விட்டனான் எண்டு பாக்க வேணுமே" என்றார்.

ஒஸ்லோ நகரின் குரோருட்டில் நாங்கள் இருவரும் ஒரே அடுக்குமாடித் தொகுதியில் குடியிருக்கிறோம். வசந்தம் வந்ததும் எல்லா வீட்டாரும் சேர்ந்து முற்றத்தைத் துப்புரவு செய்யும் நாளொன்றில்தான் அவருடன் பழக்கமானேன். மற்றவர்கள் கோப்பி குடிக்கப் போன பிறகும், பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்கக் கொட்டிய சரளைக் கற்களைத் தனியே கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். ஒரு வேலையைத் தொட்டால் அரைகுறையில் விடமாட்டார் என்பது அன்றே தெரிந்தது.

திருகோணமலையில் பிறந்தவர். 1999இல் சுபேசனைக் கலியாணம் செய்து, நோர்வேயின் வடகோடியில் இருக்கும் ஹம்மர்பெஸ்டுக்கு வந்தார். சுபேசன் அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை. வந்து மூன்றாம் கிழமையே உதயகுமாரியும் அதே தொழிற்சாலையில் மீன் வெட்டும் மேசைக்கு முன்னால் நின்றார். மொழி வகுப்பைவிட, பக்கத்தில் நின்று முள் எடுத்த பெண்களிடமிருந்துதான் நோர்வேஜிய மொழியை, எங்கள் ஆட்கள் சொல்லும் நொஸ்க்கை, அதிகம் பிடித்தார். அதனால் இன்றைக்கும் அவர் பேசுவது வடக்குப் பேச்சு. ஒஸ்லோக்காரர்கள் அவருடைய முகத்தையும் அந்தப் பேச்சையும் ஒன்றாகப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்துப் போவார்கள்.

தொழிற்சாலையிலிருந்து முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலைக்குப் போனார். அங்கே வேலை செய்தபடியே தாதியர் படிப்பை முடித்தார். 2007இல் ஒஸ்லோவுக்கு வந்த பிறகு உளநலத் தாதியாகத் தேர்ச்சி பெற்றார். அதற்கு மேலும் இரண்டு வருடம் படித்து முதுகலைப் பட்டம் எடுத்தார். நோயாளியைத் தனியே இருத்திக் கதைத்து, நிலைமையை மதிப்பிட்டு, சிகிச்சைத் திட்டம் வகுக்கும் பொறுப்பை ஏற்கும் தகுதி அது. மருந்து எழுதும் உரிமை மட்டும் மருத்துவரிடம் இருந்தது. நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் ஓர் உளநல நிலையத்தில் நிரந்தர வேலையும் கிடைத்தது. எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் அத்தோடு போதும் என்று இருந்துவிடுவார்கள். அவரும் அப்படித்தான் இருந்தார், 2017ஆம் ஆண்டு சிவநாயகியைச் சந்திக்கும்வரை.

இந்தப் பகுதியை உதயகுமாரி எனக்குச் சொல்லவில்லை. நோயாளிகளைப் பற்றி அவர் வாய் திறக்கமாட்டார். சிவநாயகியே பின்னாளில் சொன்னார். எழுதுவதற்கும் சம்மதித்தார். அவருடைய பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சிவநாயகிக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. ஒஸ்லோவை ஒட்டிய லோறென்ஸ்கூக்கில் வீடு, பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை. ஒரே மகன் இருபத்திரண்டு வயதில், ஒரு கோடைக்காலம், ஏரியில் நீந்தப் போன இடத்தில் இறந்துபோனான். அதன் பிறகு மூன்று வருடம் அவர் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் இருக்கவில்லை. நான்காம் வருடம் நித்திரை போயிற்று. சாப்பாடு இறங்கவில்லை. குடும்ப வைத்தியர் அவரை உளநல நிலையத்துக்கு அனுப்பினார்.

அங்கே ஒரு மருத்துவர் இருந்தார். மேசையில் ஒரு தொலைபேசி. அதற்குள் முகம் தெரியாத மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் குரல்.

"என்ன செய்யுது எண்டு கேக்கிறார்" என்றது குரல்.

"எனக்கு ஒரே யோசனை, தம்பி" என்றார் சிவநாயகி.

ஈழத்தில் யோசனை என்றால் கவலை. மனதை விடாமல் அரித்துக்கொண்டிருப்பது. மொழிபெயர்ப்பாளர் அதை 'நிறையச் சிந்திக்கிறார்' என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார். மருத்துவர் தலையசைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். கடந்த ஒரு வருடத்தில் நெருங்கியவர் யாராவது இறந்தார்களா? இல்லை, என்றார் சிவநாயகி. மகன் இறந்து மூன்று வருடம் கடந்திருந்தது. கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொன்னார்.

மற்றவர்களுக்குக் கேட்காத குரல் ஏதும் உங்களுக்குக் கேட்கிறதா?

"ஓம். பின்னேரத்திலை அவன் கூப்பிடுறது கேக்கும். கதவைத் திறவுங்கோ எண்டு சொல்லுவான்."

மகன் வீட்டுத் திறப்பை, அதாவது சாவியை, கொண்டுபோக மறக்கிறவன். வேலையால் வந்து வாசலில் நின்று அப்படித்தான் கூப்பிடுவான். ஆனால் அந்த 'அவன்' யார் என்று தொலைபேசியின் மறுபக்கத்தில் இருந்தவருக்குத் தெரியாது. 'மாலையில் ஓர் ஆண் குரல் கேட்கிறது, கதவைத் திறக்கும்படி கட்டளையிடுகிறது' என்று மருத்துவரின் குறிப்பில் பதிவாயிற்று. கட்டளையிடும் குரல் என்றால் அந்தத் துறையில் பாரதூரமான அடையாளம். மனப்பிறழ்வுக்குக் கொடுக்கும் மருந்து தொடங்கியது. மருந்தின் கனத்தில் சிவநாயகிக்குக் கை நடுங்கியது. உடம்பு பருத்தது. வாளியைத் தூக்க முடியாமல் வேலையை விட்டார்.

"எல்லாரும் நல்ல மாதிரித்தான் கதைச்சவை" என்று அவர் என்னிடம் சொன்னார். "அதாலை எனக்கு ஏதோ வருத்தம், நோய் எண்டு நானும் நம்பிட்டன்."

ஒன்றரை வருடம் கழித்து, அவரைப் பார்த்துவந்த தாதி மகப்பேற்று விடுப்பில் போக, உதயகுமாரியிடம் அவர் வந்தார். உதயகுமாரி நோய் பற்றி எதையும் கேட்கவில்லை. லோறென்ஸ்கூக்கிலிருந்து எந்த பஸ்ஸில் வந்தீர்கள், வீட்டில் யார் யார் என்றுதான் கேட்டார். பத்து நிமிடத்தில் மகனின் பெயர் வந்தது. திறப்பு வந்தது. கதவு வந்தது.

"இதை நீங்கள் டொக்டரிட்டைச் சொல்லேல்லையோ அக்கா?"

"சொன்னனான் தானே, பிள்ளை. அண்டைக்கே சொன்னனான்."

உதயகுமாரி அன்றே மருத்துவரின் அறைக்குப் போனார். அவர் முதலில் ஏற்கவில்லை. நீ அவளுடைய மொழிக்காரி, அவள்மேல் உனக்குப் பரிவு வருவது இயல்பு, இதை உன்னால் நடுநிலையோடு பார்க்க முடிகிறதா என்று கேட்டார். உதயகுமாரி விவாதிக்கவில்லை. நேரில் வந்து அமரும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள், நான் அறைக்குள் வரமாட்டேன், நீங்களே மறுபடி கேளுங்கள் என்றார். ஒரு மாதம் கழித்து அது நடந்தது. மருத்துவர் இம்முறை மகனைப் பற்றிக் கேட்டார். அடுத்த எட்டு மாதத்தில் மருந்து படிப்படியாகக் குறைக்கப்பட்டு நிறுத்தப்பட்டது.

அந்த மருத்துவர் நேர்மையானவர். தவறு நேர்ந்துவிட்டது என்று சிவநாயகியிடம் மொழிபெயர்ப்பாளரை வைத்து மன்னிப்புக் கேட்டார். பிறகு உதயகுமாரியிடம் சொன்னார்: "இது ஒருவருக்கு நடந்ததா, ஐம்பது பேருக்கு நடந்துகொண்டிருக்கிறதா? ஒரு நோயாளியின் கதையை வைத்து நிலையத்தின் நடைமுறையை மாற்ற என்னால் முடியாது. இதைப் பற்றி ஆய்வு ஏதாவது இருந்தால் கொண்டு வா."

உதயகுமாரி தேடினார். வேறு மொழிகளைப் பற்றி இருந்தது. வேறு நாடுகளைப் பற்றி இருந்தது. நோர்வேயில் தமிழ் பேசும் நோயாளிகள் தங்கள் மனவருத்தத்தை எந்தச் சொற்களில் சொல்கிறார்கள், அந்தச் சொற்கள் மருத்துவரின் குறிப்பில் என்னவாக மாறுகின்றன என்று யாரும் பார்த்திருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

"அப்ப நீர்தான் பாக்கப் போறீரோ?" என்று சுபேசன் கேட்டார். ஒஸ்லோவுக்கு வந்ததிலிருந்து அவர் பஸ் ஓட்டுகிறார். அதிகம் பேசாத மனிதர். "உதயா, இருக்கிறது நல்ல வேலை. இந்த வயதிலை திரும்பவும் படிப்பெண்டால் லேசில்லை. அந்த டொக்டர் கேட்டதை அவரே மறந்திருப்பார்."

"அவர் மறந்தால் பரவாயில்லை. நான் மறக்கேல்லை."

முதல் விண்ணப்பம் திரும்பி வந்த காரணத்தை இன்னும் சொல்லவில்லை. ஆய்வுக் கேள்வி பரந்துபோயிருக்கிறது, ஆய்வாளர் ஆய்வுக்களத்துக்கு மிக நெருக்கமானவராக இருக்கிறார் என்று எழுதியிருந்தார்கள். உதயகுமாரி அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மார்க்கஸ் என்ற பேராசிரியரைத் தேடிப் போனார். மார்க்கஸ் இளமையில் இருபது வருடம் உளநலத் தாதியாக வேலை செய்தவர். விண்ணப்பத்தை உதயகுமாரியின் முன்னாலேயே படித்து முடித்தார்.

"நீ கோபமாக இருக்கிறாய்" என்றார்.

"ஆம்."

"கோபம் இருக்கட்டும். ஆனால் இதில் தீர்ப்பு மட்டும்தான் இருக்கிறது, கேள்வி இல்லை. உனக்குத் தெரியாதது எது? அதை எழுது."

அந்த ஒரு வரி தன்னை ஒரு வருடம் வேலை வாங்கியது என்பார் உதயகுமாரி. காலையில் வேலைக்குப் போகும் நிலக்கீழ் ரயிலில் வாசிப்பார். மத்தியான இடைவேளையில் எழுதுவார். ஐந்து ஆய்வுக் கேள்விகள் இரண்டாகக் குறைந்தன. 2019 தொடக்கத்தில் மறுபடி விண்ணப்பித்து இடம் கிடைத்தது. மாணவர்களுக்கு வகுப்பும் எடுத்துக்கொண்டு, சம்பளத்தோடு ஆய்வு செய்யும் பதவி. நிலையத்தில் கிழமைக்கு ஒரு நாள் வேலையையும் விடாமல் வைத்துக்கொண்டார்.

கிடைத்ததோடு கஷ்டம் தீரவில்லை. ஆய்வு ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதிக்கு ஐந்து மாதம் போயிற்று. பிறகு ஆட்களைச் சேர்க்க வேண்டும். மனம் சரியில்லாமல் சிகிச்சைக்குப் போன தமிழர் இருபத்தைந்து பேராவது தேவை. அறிவித்தலைக் கோயிலில் ஒட்டினார், கடைகளில் வைத்தார், தமிழ் வகுப்புக்கு வரும் பெற்றோரிடம் கொடுத்தார். நான்கு மாதத்தில் வந்தவர்கள் இரண்டு பேர்.

அதைவிட மோசமானது வேறு. தெரிந்தவர்களே அவரைக் கண்டால் விலகத் தொடங்கினார்கள். கடையில் உதயகுமாரியோடு நின்று கதைத்தால், தனக்கும் ஏதோ பிரச்சினை என்று மற்றவர்கள் நினைப்பார்களோ என்ற பயம். கலியாண வீடொன்றில் சுபேசனின் நண்பர் ஒருவர், "உங்கட மனிசி மண்டை பிழைச்ச ஆக்களைத் தேடித் திரியிறாவாமே" என்று சிரித்தார்.

"ஓம்" என்றார் சுபேசன். "உங்களுக்கு விலாசம் வேணுமோ?"

இதை உதயகுமாரி மூன்று மாதம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் அறிந்தார்.  அன்று வீட்டுக்கு வந்து கணவரின் பக்கத்தில் போய்ச் சற்று நேரம் இருந்தாராம்.

பிழை எங்கே என்று அறிவித்தலை எடுத்து மறுபடி படித்தார். அது முறைப்படி மொழிபெயர்க்கப்பட்ட தாள். 'உளநலக் கோளாறுக்குச் சிகிச்சை பெற்ற நபர்கள்' என்று தொடங்கியது. தனக்கு அப்படி ஒரு கோளாறு என்று எந்த மனிதர் முன்வந்து சொல்வார்? சிவநாயகிகூட அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். மனிதர்களின் சொற்களை ஆராய வந்துவிட்டு, அவர்கள் சொல்லாத சொல்லால் அவர்களை அழைத்திருக்கிறோம் என்று உதயகுமாரிக்கு வெட்கமாக இருந்தது.

தாளைத் தானே எழுதினார். 'நித்திரை இல்லாமல், யோசனை கூடி, டொக்டரிட்டைப் போனனீங்களோ? அங்கை நீங்கள் சொன்னது அவைக்கு விளங்கினதோ?' இவ்வளவுதான். எழுத்து மாறினால் குழுவின் அனுமதியை மறுபடி பெற வேண்டும். பேச்சுத் தமிழில் இருப்பது ஏன் என்று குழு விளக்கம் கேட்டது. இரண்டு பக்கத்தில் விளக்கம் எழுதினார். அனுமதி வருவதற்குள் 2020ஆம் ஆண்டின் கொரோனாப் பூட்டுதல் வந்துவிட்டது. யாரையும் அறைக்குள் இருத்திக் கதைக்க முடியாது.

மார்க்கஸ், காத்திருக்கலாம் என்றார். உதயகுமாரி காத்திருக்கவில்லை. வெளியில் இரண்டு மீட்டர் இடைவெளியில் நடக்கத் தடை இல்லையே என்றார். சட்டைக் கழுத்தில் மாட்டும் சின்ன ஒலிவாங்கி இரண்டு வாங்கினார். லோறென்ஸ்கூக்கில் ஏரிக்கரையைச் சுற்றி ஒரு நடைபாதை இருக்கிறது. அங்கே நடந்து நடந்து பேட்டி எடுத்தார்.

அவர் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஓர் அறையில் எதிரெதிரே இருந்தால் வாய் திறக்காதவர்கள், பக்கத்தில் நடக்கும்போது கதைத்தார்கள். முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. யாராவது தெரிந்தவர் எதிரே வந்தாலும், இரண்டு தமிழ்ப் பெண்கள் உடம்பு மெலிய நடக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். ஒருவர் சொல்லி மற்றவர் வந்தார். மழையிலும் வந்தார்கள். பனியில் சறுக்காமல் இருக்கச் சப்பாத்தின் அடியில் முள் மாட்டிக்கொண்டு வந்தார்கள். அடுத்த வசந்தத்துக்குள் இருபத்தெட்டுப் பேர் ஆகிவிட்டது.

ஒரு நாள் தாளைத் தவறாக விளங்கிக்கொண்டு தமிழ்நாட்டுப் பெண் ஒருவர் வந்தார். கணவரின் கணினி வேலைக்காக ஒஸ்லோ வந்தவர். "உங்களுக்கு யோசனை கூடவோ?" என்று உதயகுமாரி கேட்க, அவர் நடப்பதை நிறுத்திவிட்டார்.

"யோசனையா? எதைப் பத்திங்க? என்கிட்ட ஐடியா எதுவும் இல்லையே."

இருவரும் சிரித்துவிட்டார்கள். ஈழத்தமிழரைப் பற்றிய ஆய்வு என்பதால் அவருடைய பேட்டியைச் சேர்க்க முடியவில்லை. ஆனால் அன்று உதயகுமாரிக்கு ஒன்று உறைத்தது. தமிழே பேசும் இருவருக்குள் இந்தச் சொல் இப்படிப் புரண்டுபோகிறதென்றால், நோர்வேயில் பிறந்து வளர்ந்து, வீட்டுத் தமிழை வைத்து வேலை செய்யும் மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார்? அதுவரை அவர் மொழிபெயர்ப்பாளர்களைக் குற்றவாளிகளாகத்தான் நினைத்திருந்தார். அவர்களையும் பேட்டி எடுக்க வேண்டும் என்று மார்க்கஸிடம் போனார்.

ஏழு மொழிபெயர்ப்பாளர்கள் சம்மதித்தார்கள். ஐந்தாவதாக வந்தவர் நிருஜன்; இந்தப் பேட்டியைப் பற்றிப் பின்னாளில் அவரே எனக்குச் சொன்னார். இருபத்தொன்பது வயது, ஒஸ்லோவில் பிறந்தவர். பொறியியல் படிக்கும் காலத்தில் தொலைபேசி மொழிபெயர்ப்பில் சேர்ந்து அதிலேயே இருந்துவிட்டவர். அப்போது கட்டுப்பாடுகள் தளர்ந்திருந்தன. பல்கலைக்கழகத்தில் ஒரு சிறிய அறையில் பேட்டி நடந்தது. ஆட்களின் பெயரோ இடமோ சொல்லக்கூடாது என்று உதயகுமாரி முதலிலேயே சொல்லியிருந்தார்.

"விளங்காத சொல் வந்தால் என்ன செய்வீர், தம்பி?"

"திரும்பக் கேக்க வேணும். அதுதான் விதி. ஆனால் அக்கா, அடுத்த அழைப்பு பத்து நிமிசத்திலை இருக்கும். டொக்டரும் அவசரப்படுவார். கேட்டுக்கொண்டிருந்தால் உமக்குத் தமிழ் தெரியாதோ எண்ட மாதிரி ஒரு மௌனம் வரும். எனக்கு அது ஏலாது."

பிறகு அவரே தொடர்ந்தார்.

"ஒரு அம்மா. கன வருசத்துக்கு முந்தி. யோசனை எண்டு சொன்னவா. வீட்டிலை அம்மா அப்பிடிச் சொல்லுறவா, எனக்கு விளங்கும். ஆனால் நொஸ்க்கிலை அதுக்கு என்ன சொல்? சிந்திக்கிறா எண்டு சொல்லிட்டன். பிறகு, அவன் வந்து கதவைத் திறக்கச் சொல்லுறான் எண்டவா. அவன் எண்டால் ஆர் எண்டு நான் கேட்டிருக்க வேணும். கேக்கேல்லை. காருக்குள்ளை இருந்து கதைச்சனான். போனை வைச்சாப் பிறகு, அவா மகனைச் சொல்லியிருப்பாவோ எண்டு மனதுக்குள்ளை ஓடினது. திருப்பி எடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை. இப்பவும் இடைக்கிடை நினைப்பன்."

ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. உதயகுமாரி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அவா இப்ப எப்பிடி இருக்கிறா எண்டு தெரிஞ்சுகொள்ள ஒரு வழியும் இல்லை, என்ன அக்கா?"

சுகமாக இருக்கிறார், மறுபடி வேலைக்குப் போகிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பிள்ளையின் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியிருக்கும். ஆனால் சொல்வதற்கு உரிமை இல்லை. நோயாளியின் இரகசியம் நோயாளிக்கே சொந்தம்.

"இல்லை, தம்பி" என்றார். "ஆனால் நீர் இதைச் சொன்னது பெரிய உதவி. களைப்பில்லையெண்டால் முழுக்கச் சொல்லும். எத்தனை மணிக்கு அழைப்பு வரும், இடையிலை எவ்வளவு நேரம், ஆர் உங்களுக்குப் பயிற்சி தந்தவை, எல்லாம்."

நிருஜன் போன பிறகு கருவியை நிறுத்தினார். அன்று நிலக்கீழ் ரயிலில் ஏறாமல் குரோருட்வரை நடந்தே வந்தார். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். நான் கடைக்குப் போகும் வழியில் அவரைக் கண்டேன். முகம் வெளிறியிருந்தது.

"இவ்வளவு நாளும் பிழையான ஆளிலை கோபப்பட்டிருக்கிறன்" என்றார். 

அடுத்த நாளே ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார். யார் பிழை விட்டார் என்ற தொனியில் எழுதியிருந்த பக்கங்களை எல்லாம் வெட்டினார். எந்தச் சூழ்நிலையில் பிழை நேர்கிறது என்று எழுதினார்.

அடுத்த இரண்டு வருடம் வெளியே சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த இரண்டு வருடம்தான் ஆகக் கஷ்டமானது. பேட்டிகளோடு, சம்மதம் பெற்று நிலையங்களில் பதிவுசெய்த, நோயாளியும் மருத்துவரும் மொழிபெயர்ப்பாளரும் பேசும் முப்பத்துநான்கு சந்திப்புகளின் ஒலிப்பதிவையும் சொல் சொல்லாக எழுத்தில் இறக்க வேண்டும். யோசனை, நெஞ்சடைப்பு, மனம் வெறுத்துப்போச்சு, தலைக்குள்ளை விறைப்பு, ஏலாமல் கிடக்கு. ஒவ்வொரு சொல்லும் எங்கே வருகிறது, மறுபக்கத்தில் என்னவாக வெளிவருகிறது என்று அட்டவணை போட்டார். முதல் கட்டுரையை மூன்று சஞ்சிகைகள் மறுத்தன. நீலக் கோப்பு தடித்துக்கொண்டே போயிற்று. மகள் சோபிகா அப்போது உயர்தரப் பள்ளியில் இருந்தாள். தாயின் நீண்ட ஆங்கில வசனங்களை வாசித்துவிட்டு, "அம்மா, மூச்சு விட ஒரு புள்ளி வையுங்கோ" என்பாள். உதயகுமாரி புள்ளி வைத்தார். நான்காவது சஞ்சிகை ஏற்றுக்கொண்டது.

ஆய்வின் முடிவில் அவர் கண்டது இதுதான். யோசனை என்ற சொல் வந்த சந்திப்புகளில் பெரும்பாலானவற்றில் அது வெறும் சிந்தனையாக மாறிப்போயிருந்தது. அப்படி மாறிய இடங்களில் மருத்துவர் அநேகமாக அதைத் தொடர்ந்து எதையும் கேட்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் இருக்கும் சந்திப்புக்கும் இல்லாத சந்திப்புக்கும் ஒரே நாற்பத்தைந்து நிமிடம்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. எல்லாமே இரு மொழியில் இரண்டு தரம் சொல்லப்படுவதால் நோயாளிக்கு அதில் பாதி நேரம்தான் கிடைத்தது. மொழிபெயர்ப்பாளருக்குத் திருப்பிக் கேட்க இடமே இல்லை.

2024 நவம்பரில் டிஸ்புட்டாஸ் நடந்தது. கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வை எல்லோர் முன்னிலையிலும் நின்று காக்கும் நாள். வெளியிலிருந்து வரும் இரண்டு அறிஞர்கள் எதிர்வாதிகளாக இருந்து மணிக்கணக்கில் கேள்வி கேட்பார்கள். நானும் போயிருந்தேன். சுபேசன் ஒரு நாள் லீவு எடுத்து, கோட்டுப் போட்டு, முன்வரிசையில் விறைத்துப்போய் இருந்தார். தமிழ் முகங்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன. கடையில் அவரைக் கண்டு விலகிப்போனவர்களில் சிலரும் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், சிவநாயகி இருந்தார். யாரும் அழைக்கவில்லை. பல்கலைக்கழக அறிவித்தலைப் பார்த்துவிட்டுத் தானாக வந்திருந்தார்.

முதல் எதிர்வாதி மரியாதையாகக் கேட்டார். இரண்டாமவர் விடவில்லை.

"நீங்கள் கேட்கும் கூடுதல் நேரத்தை நிலையங்கள் கொடுத்தாலும், நோயறிதல் மேம்படும் என்பதற்கு உங்கள் ஆய்வில் ஆதாரம் இருக்கிறதா?"

உதயகுமாரி தண்ணீர் குடித்தார். பிறகு தன்னுடைய வடக்குப் பேச்சில் சொன்னார்:

"இல்லை. அதை நான் அளக்கவில்லை. இப்போது என்ன தொலைந்துபோகிறது என்பதைத்தான் காட்டியிருக்கிறேன். நேரம் கூடினால் அது திரும்பிக் கிடைக்குமா என்பது அடுத்த ஆய்வு. அதை யாரும் செய்யாவிட்டால் நான் செய்வேன்."

எதிர்வாதி புன்னகையோடு எழுதிக்கொண்டார். பிற்பகல் நான்கு மணிக்கு, தேறிவிட்டார் என்று அறிவித்தார்கள்.

வெளியே கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. சிவநாயகி காத்திருந்து, எல்லோரும் விலகிய பிறகு கிட்ட வந்தார்.

"நீங்கள் கதைச்ச நொஸ்க் பாதி எனக்கு விளங்கேல்லை" என்றார். "ஆனால் அந்த மனிசன் மடக்கப் பார்க்க, நீங்கள் இல்லை எண்டு சொன்னது விளங்கினது. அது நல்லாயிருந்தது."

உதயகுமாரி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். சிவநாயகி தன்னுடைய பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று புறப்பட்டார்.

பல்கலைக்கழகம் முழுநேர விரிவுரையாளர் பதவி தர முன்வந்தது. உதயகுமாரி பாதியை மட்டும் ஏற்றார். மீதிப் பாதிக்கு நிலையத்தில் இருக்கிறார். அங்கே பழைய மருத்துவர் வேலையிலிருந்து இளைப்பாறிவிட்டார். அந்தப் பிரிவின் தலைவி ஆய்வேட்டை வாசித்தார். மொழிபெயர்ப்பாளரோடு வரும் நோயாளிகளுக்குத் தொண்ணூறு நிமிடம் என்று செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் பரீட்சார்த்தமாகத் தொடங்கச் சம்மதித்தார். தமிழருக்கு மட்டுமில்லை, சோமாலிய, உருது நோயாளிகளுக்கும் அது பொருந்தும். மொழிபெயர்ப்பாளர்களுக்கான ஒருநாள் பயிற்சியை வருடத்தில் இரு தடவை உதயகுமாரியே நடத்துகிறார். 'எனக்கு இந்தச் சொல் விளங்கவில்லை, திரும்பக் கேட்கிறேன்' என்பதை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லிப் பழகுவதுதான் காலைப் பாடம். முதல் பயிற்சிக்கு வந்தவர்களில் நிருஜனும் இருந்தார். இப்போது இரண்டாம் பகுதியை அவர்தான் எடுக்கிறார்.

போன கிழமை மாடிப்படியில் உதயகுமாரியைக் கண்டேன். செவ்வாய்க்கிழமை போதாது, மற்ற நான்கு நாளுக்கும் அந்த நேரம் வேண்டும் என்று தலைவிக்கு எழுதியிருக்கிறார். இந்த வருடம் முடியாது என்று பதில் வந்திருக்கிறது.

"என்ன செய்யப் போறியள்?" என்றேன்.

"இந்த வருசம் ஏலாதெண்டுதானே எழுதியிருக்கினம்" என்றார். கையில் சாமான் பை இருந்தது. அதை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு மேலே ஏறினார். "தை மாதம் திரும்ப எழுதுவன்."